எத்தனை நோடு என்பது இரண்டாவது கேள்வி

மழைக்காலம் நெருங்கினால் எனக்கு ஒரே மாதிரியான போன்கள் வரத் தொடங்கும். "அண்ணே, நம்ம மேப் சர்வரை கிளஸ்டர் பண்ணப் போறோம். எத்தனை நோடு போடலாம்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "வர்ற ரிக்வெஸ்ட்ல எத்தனை சதவீதம் கேஷ்லயே முடியுது?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. அப்புறம், "அது... பார்த்துச் சொல்றேண்ணே."

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டால் லிங்க்கை அனுப்பிவிடலாம். அதற்குத்தான் இந்தப் பதிவு. எனக்குப் பழக்கமானது ஜியோசர்வர் என்பதால் உதாரணங்களும் அதிலிருந்தே வரும். மேப்சர்வர், ஆர்க்ஜிஐஎஸ் ஆட்களும் தாராளமாகப் படிக்கலாம். அமைப்புகளின் பெயர்தான் மாறும், சிக்கல் ஒன்றுதான்.

முதலில், மேப்புக்கு வரும் கூட்டம் எப்படிப்பட்டது? செய்தித் தளத்தைத் திறப்பவர் ஒரு பக்கத்தைக் கேட்கிறார், படிக்கிறார், போகிறார். மேப்பைத் திறப்பவர் அப்படி இல்லை. 1366 × 768 திரையை 256 பிக்சல் டைல்களால் நிரப்ப அகலத்துக்கு ஆறு, உயரத்துக்கு நான்கு என்று சுமார் 24 டைல்கள் வேண்டும். கொஞ்சம் இழுத்தால் இன்னொரு வரிசை. ஒரு படி ஜூம் செய்தால் மறுபடியும் 24. மேலே மழை அளவு, வெள்ள எல்லை என்று இரண்டு அடுக்குகளை வைத்திருந்தால் எல்லாமே மும்மடங்கு. அடுக்கையெல்லாம் விட்டுவிட்டு அடிப்படை மேப்பை மட்டும் கணக்கில் எடுத்தால்கூட, ஒரே நிமிடத்தில் ஆயிரம் பேர் திறந்தால் முதல் திரைக்கே 24,000 கோரிக்கைகள். விநாடிக்கு 400. ஆயிரம் பேர் என்பது ஒரு புயல் நாளில் பெரிய எண்ணிக்கையே அல்ல.

இதெல்லாம் சின்ன அலுவலகங்களுக்கு வரும் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2006 ஜூன் 23 அன்று பிரான்ஸ் அரசு தன் தேசிய வரைபடத் தளமான ஜெயோபோர்த்தாயைத் திறந்தது. தொடங்கி வைத்தவர் அதிபர் ஷிராக். கூகுள் எர்த்துக்குப் பிரான்ஸின் பதில் என்று பத்திரிகைகள் எழுதின. வந்த கூட்டத்தில் தளம் முடங்கிப்போனது. பிரான்ஸின் தேசிய புவியியல் நிறுவனத்துக்கு மேப் தெரியாதா, பணம்தான் இல்லையா? நாடே ஒரே நாளில் தன் வீட்டுக் கூரையைத் தேடும்போது எந்தக் கணக்கும் கொஞ்சம் ஆட்டம் காணும்.

சரி, ஒரு படத்தை வரைய சர்வர் என்ன செய்கிறது? கேட்ட எல்லைச் சட்டத்தை எடுத்துக்கொண்டு டேட்டாபேஸுக்குப் போகிறது. போஸ்ட்ஜிஐஎஸ் தன் இண்டெக்ஸைப் புரட்டி, அந்தச் சட்டத்துக்குள் விழும் சாலை, ஏரி, வார்டு எல்லை எல்லாவற்றையும் கொடுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஸ்டைல் விதியைப் பொருத்தி, நினைவகத்தில் உள்ள ஒரு வெற்றுப் படத்தின்மேல் வரைகிறது. ஊர்ப் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடாமல் இடம் தேடுகிறது. கடைசியில் பிஎன்ஜியாகச் சுருக்குகிறது. சுருக்கும் வேலையே சில சமயம் சிபியுவைக் கணிசமாகத் தின்றுவிடும்.

நினைவகக் கணக்கு எளிது. பிக்சலுக்கு 4 பைட். 256 × 256 டைல் என்றால் 256 கேபி, கவலையே இல்லை. அச்சுக்கு வேண்டும் என்று ஒருவர் 4096 × 4096 கேட்டால், ஒரு கோடு வரையும் முன்பே 64 எம்பி போய்விட்டது. சாலைக்கு வெளிக்கோடு ஓர் அடுக்கு, உள்கோடு ஓர் அடுக்கு என்று ஸ்டைலைப் பிரித்து எழுதியிருந்தால் இன்னொரு 64. இப்படிப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் ஜாவா ஹீப்பின் கதி என்ன என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு படத்துக்கு அதிகபட்ச நினைவகம், அதிகபட்ச நேரம் இரண்டுக்கும் வரம்பு வைக்க ஜியோசர்வரின் டபிள்யூஎம்எஸ் அமைப்புகளில் இடம் இருக்கிறது. பொதுமக்களுக்குத் திறந்த சர்வரில் அதைச் சும்மா விட்டு வைப்பது தப்பு.

இனி நேரக் கணக்கு. என்னைக் கேட்டால் இந்தப் பதிவின் உயிரே இதில்தான் இருக்கிறது. 8 கோர் உள்ள ஒரு நோடு. ஒரு படத்துக்கு 200 மில்லிவிநாடி சிபியு செலவு. விநாடிக்கு ஒரு கோரில் 5, மொத்தம் 40 படம். இதுதான் அந்த இயந்திரத்தின் உச்சம். என்ன மந்திரம் போட்டாலும் 41 ஆகாது. இப்போது விநாடிக்கு 100 கோரிக்கைகள் வருகின்றன என்று வையுங்கள். விநாடிக்கு 60 தேங்கும். ஒரு நிமிடத்தில் 3,600 தேங்கியிருக்கும். கடைசியாக வந்தவருக்குப் படம் கிடைக்க 90 விநாடி ஆகும். அவர் காத்திருப்பாரா? பத்தாவது விநாடியிலேயே ரீஃப்ரெஷ் அழுத்தியிருப்பார். அதாவது இன்னொரு 24 கோரிக்கைகள். அவர் கைவிட்டுப்போன பழைய கோரிக்கைகளையும் சர்வர் விசுவாசமாக வரைந்துகொண்டே இருக்கும், பார்க்க ஆளே இல்லாத படங்களை. சிபியு நூறு சதவீதம் ஓடுகிறது, வேலை மும்முரமாக நடக்கிறது, பயனர் பார்ப்பதோ வெறும் சாம்பல் கட்டங்கள்.

இந்த நிலையில் எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே நேரத்தில் உள்ளே விட்டால் இன்னும் மோசம். 300 பேர் 8 கோருக்கு அடித்துக்கொள்வார்கள், நினைவகம் நிரம்பும், ஜாவா குப்பை பொறுக்குவதிலேயே பாதி நேரம் போகும், 40 படம் 25 ஆகக் குறையும். கல்யாணப் பந்தியில் நூறு இலைதான் போட முடியும் என்றால், வாசலில் நின்று அடுத்த பந்திக்கு உட்காரச் சொல்ல ஒரு பெரியவர் வேண்டும். ஜியோசர்வரில் அந்தப் பெரியவரின் பெயர் கன்ட்ரோல் ஃப்ளோ. தனியாக இறக்கிப் போட வேண்டிய நீட்சி. அதைப் போடாமல் கிளஸ்டர் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

அமைப்பது ஒரு சின்ன உரைக் கோப்பு. ஒரே நேரத்தில் வரையப்படும் கெட்மேப் எண்ணிக்கையை, கோர் எண்ணிக்கைக்கும் அதன் இரு மடங்குக்கும் நடுவில் எங்காவது வையுங்கள். கேஷ் டைல்களுக்குக் கொஞ்சம் தாராளமாக விடலாம். ஜியோசர்வர் கையேட்டின் உதாரணத்தில் 4 கோருக்கு 16. பயனர் ஒருவருக்கு ஒரே நேரத்தில் 6. இந்த 6 ஃபயர்ஃபாக்ஸ் ஒரு தளத்துக்குத் திறக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை. வரிசையில் காத்திருக்க அதிகபட்ச நேரம் என்று ஒன்று உண்டு. கையேட்டில் 60 விநாடி என்றிருக்கும். பொதுத் தளத்துக்கு அது அதிகம் என்பது என் கருத்து. மேப்புக்காக 60 விநாடி காத்திருக்கும் மனிதரை நான் பார்த்ததில்லை. 10 அல்லது 15 விநாடியில் 'இப்போது முடியாது' என்று சொல்லி அனுப்பிவிடுவது அவருக்கும் நல்லது, சர்வருக்கும் நல்லது.

இரண்டு எச்சரிக்கைகள். கன்ட்ரோல் ஃப்ளோ எண்ணுவது அந்த நோடுக்குள் மட்டும்தான். பக்கத்து நோடில் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நான்கு நோடு இருந்தால் பயனருக்கு 6 என்பது உண்மையில் 24 ஆகலாம். இன்னொன்று, ஐபி முகவரிக்கு இத்தனை என்ற வரம்பு. நம் ஊர் மொபைல் நிறுவனங்கள் ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் ஏராளமானவர்களை அடைத்து வைத்திருக்கின்றன. ஐபி வரம்பை இறுக்கினால் யாரோ ஒரு குறும்புக்காரரோடு சேர்த்து ஒரு வட்டாரத்தையே வெளியே தள்ளிவிடுவீர்கள்.

அடுத்து டேட்டாபேஸ். நோடு கூட்டியதும் தளம் வேகமாகாமல் படுத்துக்கொண்டது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இங்கேதான். ஜியோசர்வரில் ஒவ்வொரு போஸ்ட்ஜிஐஎஸ் ஸ்டோருக்கும் தனி இணைப்புக் குளம் உண்டு. மாற்றாமல் விட்டால் அதில் அதிகபட்சம் 10 இணைப்பு. துறைக்கு ஒரு ஸ்டோர் என்று ஆறு ஸ்டோர் வைத்திருக்கிறீர்கள். ஒரு நோடுக்கு 60. நான்கு நோடு என்றால் 240. போஸ்ட்கிரஸ் நிறுவியதும் ஏற்றுக்கொள்ளும் இணைப்புகள் 100. கணக்கு எங்கே உடைகிறது என்று பாருங்கள்: ஒரு நோடு இருந்தபோது வராத பிழை, இரண்டாவது நோடைச் சேர்த்ததும் உச்ச நேரத்தில் மட்டும் தலைகாட்டும்.

உடனே எல்லோரும் செய்வது போஸ்ட்கிரஸ் வரம்பை 500 ஆக்குவது. பிழை போய்விடும், வேகமும் போய்விடும். 8 கோர் உள்ள டேட்டாபேஸில் 240 கேள்விகள் ஒரே நேரத்தில் ஓடுவதற்கும், 300 பேர் வரைவதற்கு அடித்துக்கொள்வதற்கும் வித்தியாசம் இல்லை. ஒரே டேட்டாபேஸைப் பார்க்கும் ஆறு ஸ்டோர்களையும் டாம்கேட்டில் அமைக்கும் ஒரே பொதுக் குளத்துக்கு மாற்றுங்கள். அந்தக் குளத்தின் அளவு கெட்மேப் வரம்பைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும். பிறகு நோடு எண்ணிக்கையால் பெருக்கி, டேட்டாபேஸ் தாங்குமா என்று பாருங்கள். தாங்காது என்றால் பிஜிபவுன்சரை நடுவில் வைக்கலாம். படிப்பதற்கு மட்டும் ஒரு நகல் டேட்டாபேஸைப் போடலாம்.

அதற்கும் முன்னால் ஸ்டைலைத் திறந்து பாருங்கள். தமிழ்நாடு முழுவதும் ஒரே திரையில் தெரியும் ஜூமில் சந்து பொந்துகளின் கோடுகளையெல்லாம் டேட்டாபேஸிலிருந்து இழுக்கும் ஸ்டைல்கள் ஏராளம். திரையில் அவை ஒரு பிக்சல்கூடத் தேறாது. ஆனால் லட்சக்கணக்கான வரிசைகள் வலைக்கம்பி வழியே நடந்து வர வேண்டும். எந்த அடுக்கு எந்த அளவுகோலில் தொடங்கும் என்று எல்லை போடுங்கள். தூரப் பார்வைக்குக் கோடுகளை எளிமையாக்கிய தனி அட்டவணை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்தின் செலவை 200இலிருந்து 100 மில்லிவிநாடிக்கு இறக்கினால் கைவசம் உள்ள நோடுகள் இரட்டிப்பான மாதிரி. பர்ச்சேஸ் ஆர்டர் வேண்டாம், டெண்டர் வேண்டாம்.

கிளஸ்டர் என்ற பெயரில் உண்மையில் செய்ய வேண்டிய வேலைகள் சலிப்பூட்டுபவை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜியோசர்வர் தன் அமைப்புகள் முழுவதையும் தொடங்கும்போதே நினைவகத்துக்கு ஏற்றிக்கொள்ளும். எல்லா நோடும் ஒரே டேட்டா டைரக்டரியைப் பகிர்ந்தாலும், ஒன்றில் ஸ்டைலை மாற்றினால் மற்றவை தானாக அறியாது. ஒரு நோடை மட்டும் நிர்வாகத்துக்கு ஒதுக்குங்கள். மாற்றம் முடிந்ததும் மற்றவற்றுக்கு ரெஸ்ட் வழியாக ரீலோடு கட்டளை அனுப்புங்கள். அடிக்கடி மாற்றம் உண்டு என்றால் ஜேஎம்எஸ், ஹேசல்காஸ்ட் வழியில் செய்தி பரப்பும் நீட்சிகள் இருக்கின்றன. லாக் கோப்பு ஒவ்வொரு நோடுக்கும் தனியாக இருக்கட்டும். டைல் கேஷ் டைரக்டரி பொதுவாக இருக்கலாம். ஆனால் வட்டு ஒதுக்கீட்டுக் கணக்கை நோடுக்குள்ளேயே இருக்கும் குட்டி டேட்டாபேஸில் விட்டால் குழப்பம். அதைப் போஸ்ட்கிரஸுக்கு மாற்றுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள். நிர்வாகப் பக்கத்துக்கு மட்டும் ஒரே பயனர் ஒரே நோடு என்ற ஒட்டுதல் வேண்டும். மேப் கோரிக்கைகளுக்கு அது தேவையே இல்லை.

லோடு பேலன்சரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சுற்று முறையில் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுப்பது மேப்புக்குப் பொருந்தாது. ஒரு கோரிக்கை 5 மில்லிவிநாடி, இன்னொன்று 5 விநாடி. யாரிடம் வேலை குறைவாக இருக்கிறதோ அவரிடம் அனுப்பும் முறையைத் தேர்ந்தெடுங்கள். நலம் விசாரிப்பில் இரண்டு விதமாகவும் கெடலாம். போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால், டேட்டாபேஸ் இணைப்பு அறுந்து வெற்றுப் படம் தரும் நோடும் நலமாகவே தெரியும். நிஜ மேப் ஒன்றை வரையச் சொல்லி, ஒரு விநாடிக்குள் வராவிட்டால் நோடை நீக்கு என்று கடுமையாக வைத்தால், உச்ச நேரத்தில் சற்றுத் தாமதித்த நோடு நீக்கப்படும், அதன் சுமை மற்ற மூன்றின் தலையில் விழும், அடுத்தது நீக்கப்படும். சில நிமிடங்களில் நான்கும் காலி. நான்கு நோடும் உயிரோடுதான் இருக்கும், ஆனால் பேலன்சர் பார்வையில் எல்லாம் இறந்தவை. சோதனைப் படம் சின்னதாக இருக்கட்டும், நேர வரம்பு தாராளமாக இருக்கட்டும், தொடர்ந்து பலமுறை தவறினால் மட்டும் நீக்கட்டும்.

இனி கேஷ். தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். ஜூம் 16இல் நம் அட்சரேகையில் ஒரு டைலின் பக்கம் ஏறக்குறைய 600 மீட்டர். மாநிலம் முழுவதற்கும் சுமார் 3.6 லட்சம் டைல்கள். ஜூம் 18 என்றால் பதினாறு மடங்கு, 58 லட்சம். ஜூம் 19இல் 2.3 கோடி. ஒவ்வொரு படிக்கும் நான்கு மடங்கு. உலகம் முழுவதற்கும் ஜூம் 18இல் 6,872 கோடி. எல்லாவற்றையும் முன்கூட்டியே வரைந்து வைக்கிறேன் என்று கிளம்புவது வீண். பாதி டைல்களில் வயலும் காடும்தான், அவற்றைக் கேட்கவே ஆள் வராது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளமும் கேட்கும்போது வரைந்து வைத்துக்கொள்ளும் வழியில்தான் ஓடுகிறது. அதுவும் ஒன்றைக் கேட்டால் சுற்றியுள்ள 8 × 8, அதாவது 64 டைல்களை ஒரே மூச்சில் வரைந்துவிடும். ஜியோசர்வரின் கேஷ் அதையே 4 × 4 ஆகச் செய்கிறது. ஜூம் 14 வரை மாநிலம் முழுவதும், அதற்கு மேல் நகரங்களுக்கும் கடற்கரைக்கும் ஆற்றோரங்களுக்கும் முன்கூட்டியே வரையுங்கள். மீதி கேட்கும்போது.

கேஷை வீணாக்குவதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்திருக்கும் வழிகள் ரசிக்கத்தக்கவை. ஒவ்வொரு யூஆர்எல்லின் வாலிலும் நேர முத்திரை ஒட்டுவது. பயனருக்கு ஏற்ப வடிகட்டியைக் கோரிக்கையிலேயே எழுதுவது. டைல் கட்டத்தோடு ஒட்டாமல், பிரவுசர் சன்னலின் அளவுக்கு ஒரே பெரிய படமாகக் கேட்பது. இதில் எதைச் செய்தாலும் ஒரு கோரிக்கை இன்னொன்றைப் போல இருக்காது; கேஷ் ஹிட் பூஜ்யம்.

கேஷைக் காலி செய்யும் பொத்தான் இன்னொரு ஆபத்து. காலை பத்து மணிக்கு டேட்டாவைப் புதுப்பித்துவிட்டு ஒருவர் அதை அழுத்துகிறார். அந்த விநாடியிலிருந்து 400 கோரிக்கைகளும் நேரே வரையும் இயந்திரத்தின் மேல். காலி செய்வதற்குப் பதில் மறுபடி வரை என்ற தேர்வைப் பயன்படுத்துங்கள். புதியது வரும்வரை பழையது இருக்கும். முன்னால் என்ஜின்எக்ஸ் வைத்திருந்தால், ஒரே டைலை ஐம்பது பேர் கேட்கும்போது ஒருவரை மட்டும் உள்ளே அனுப்பி மற்றவர்களை நிறுத்தி வைக்கவும், புதுப்பிக்கும் வரை பழையதையே கொடுக்கவும் அதில் அமைப்புகள் உண்டு. ஜியோசர்வரின் டைல் பூட்டு இயல்பாக நினைவகத்தில் இருப்பது. நான்கு நோடும் ஒரே படத்தை நான்கு முறை வரையும். பொது வட்டு இருந்தால் கோப்புப் பூட்டுக்கு மாற்றுங்கள்.

நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் மழைமானிப் புள்ளிகளை மேப் சர்வரிடம் கொண்டுபோகவே வேண்டாம். சில நூறு புள்ளிகள்தானே. நிமிடத்துக்கு ஒரு ஜியோஜேசன் கோப்பாக எழுதி சிடிஎன்னில் வைத்துவிட்டால் பிரவுசரே வரைந்துகொள்ளும்.

இத்தனைக்கும் பிறகு நோடு கணக்குப் போடுவோம். விநாடிக்கு 400 கோரிக்கை, அதில் 95 சதவீதம் கேஷிலேயே முடிந்தால், வரைய வேண்டியது 20. நம் 8 கோர் நோடு ஒன்றே 40 தாங்கும். ஒன்று விழுந்தாலும் ஓட வேண்டும் என்பதற்காக இரண்டு. நிர்வாகத்துக்கு ஒரு சின்னது. அதே தளம் கேஷ் இல்லாமல் ஓட வேண்டுமென்றால் குறைந்தது பத்து நோடு வேண்டும், அதற்கேற்ற டேட்டாபேஸும் வேண்டும். இதனால்தான் போனில் முதலில் சதவீதத்தைக் கேட்கிறேன்.

சோதனை பற்றி ஒன்று மட்டும். ஜேமீட்டரில் ஒரே யூஆர்எல்லைப் பத்தாயிரம் முறை அடித்து "பிரமாதமா ஓடுது சார்" என்று அறிக்கை கொடுப்பது சோதனை ஆகாது. அது கேஷில் உள்ள ஒரு கோப்பைப் பத்தாயிரம் முறை படிப்பது. ஃபாஸ்4ஜி மாநாடுகளில், 2010 பார்சலோனா போன்றவற்றில், மேப் சர்வர் அணிகள் மோதிக்கொண்ட வேகப் போட்டியில் வெவ்வேறு இடங்களையும் அளவுகளையும் தற்செயலாகத் தேர்ந்தெடுத்த கோரிக்கைப் பட்டியல்களை வைத்தே ஓட்டினார்கள். ஒரே நேரப் பயனர்களை ஒன்று, இரண்டு, நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனார்கள். உங்களிடம் அதைவிட நல்ல சரக்கு இருக்கிறது: போன மழைக்காலத்து லாக். அதையே திரும்ப ஓட்டுங்கள், முதலில் கேஷ் காலியாக, பிறகு நிரம்பியதாக. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு நோடைப் பிடுங்குங்கள். சராசரி நேரத்தைப் பார்க்காதீர்கள். மெதுவான கடைசி ஐந்து சதவீதம் எவ்வளவு காத்திருந்தது என்று பாருங்கள்.

எல்லாம் மீறிப் போனால் எதை முதலில் அணைப்பது என்று ஒரு தாளில் எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய அச்சுப் படங்கள் முதலில், பிறகு செயற்கைக்கோள் அடுக்கு, அதற்கும் பிறகு மற்றவை. வெள்ள எல்லையும் நிவாரண முகாம்களும் கடைசி வரை இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. சோதனையை ஆகஸ்டுக்குள் முடித்துவிடுங்கள், செப்டம்பர் முழுக்கத் திருத்துவதற்கு வேண்டியிருக்கும்.